தூங்கும் 486-ஐ எழுப்ப ஒரு பூட் ஃப்ளாப்பி: முழுமையான வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் என் தாய்மாமா ஒரு ரைஸ் மில் நடத்தினார். அதன் ஆபீஸ் அறை மூலையில், சாக்கு போர்த்தி, ஒரு கம்ப்யூட்டர் கிடந்தது. 90-களின் 486 டிஎக்ஸ்2 சிப், 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், 420 எம்பி ஹார்ட் டிஸ்க். யார் எத்தனை மூட்டை நெல் கொண்டுவந்தார், எவ்வளவு அரிசி போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கட்டளை அடித்து இயக்கும் பழைய இயங்குதளமான டாஸில், ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள நிரலில் ஓடும் ஒரு கணக்கில் இருந்தன. மில்லை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரைத் தகடு நாலைந்து பறந்து உள்ளே மழை கொட்டியது. அந்தச் சாக்குதான் பெட்டியைக் காப்பாற்றியது.

போன தை மாதம் மாமா கூப்பிட்டார். "மாப்ளே, அந்தப் பெட்டியில பாக்கிக் கணக்கு இருக்கு. எடுக்க முடியுமான்னு பாரு. முடியலன்னா காயலான் கடைக்குப் போட்டுடறேன்."

பவர் போட்டால் திரையில் வந்தது இதுதான்: "டிஸ்க் பூட் ஃபெயிலியர், இன்சர்ட் சிஸ்டம் டிஸ்க் அண்ட் ப்ரெஸ் என்டர்." சிஸ்டம் டிஸ்க் கொடு என்று அதுவே வாய்விட்டுக் கேட்கிறது. சரி, கொடுப்போம்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி லேப்டாப்பில் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி-ஐடிஇ அடாப்டர்களில் பெரும்பாலானவை, டிஸ்க்கின் சின்னத் துண்டுகளான செக்டர்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ணும் எல்பிஏ முறையில்தான் பேசும். 500 எம்பிக்குக் கீழே உள்ள பழைய டிஸ்க்குகளில் பலவற்றுக்கு சிலிண்டர், ஹெட், செக்டர் என்று முகவரி சொல்லும் பழைய முறை மட்டுமே தெரியும். அடாப்டர் கேட்பது டிஸ்க்குக்குப் புரியாது. என் கையில் இருந்தவற்றில் அந்த டிஸ்க்கோடு சரியாகப் பேசத் தெரிந்தது அதே 486 மட்டும்தான். ஆகவே அதை, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாமல், வெளியிலிருந்து எழுப்ப வேண்டும். கம்ப்யூட்டரை எழுப்பத் தேவையான டாஸ் கோப்புகளைச் சுமக்கும் ஃப்ளாப்பி டிஸ்க்தான் பூட் ஃப்ளாப்பி; அதன் வேலை அதுதான்.

ஒரு விஷயம்: கட்டளைகளை உச்சரிப்பைக் கேட்டு எழுதுவது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டாஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது.

ஃப்ளாப்பிக்குள் என்ன இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. 3.5 அங்குல எச்டி (அதிக அடர்த்தி) ஃப்ளாப்பியில் பக்கத்துக்கு 80 டிராக் என்ற வட்டத் தடம், இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 2880 செக்டர், 14,74,560 பைட். இதை 1.44 எம்பி என்று சொல்வது ஒரு விசித்திரக் கணக்கு. 1000-ஆல் வகுத்தாலும் வராது, 1024-ஆல் வகுத்தாலும் வராது, ஒருமுறை இதாலும் ஒருமுறை அதாலும் வகுத்தால்தான் வரும்.

முதல் செக்டர்தான் பூட் செக்டர். கம்ப்யூட்டர் எழுந்ததும், மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் அந்த 512 பைட்டை மட்டும் மெமரியில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் குட்டி நிரல் டிஸ்க்கில் டாஸின் கோப்பைத் தேடி ஏற்றுகிறது. அடுத்த 18 செக்டரில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பத்திரத்துக்கு இரண்டு பிரதி. அப்புறம் 14 செக்டரில் கோப்புப் பெயர்களின் பட்டியல், அதிகபட்சம் 224 பெயர். மீதி 2847 செக்டர்தான் நமக்கு.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பூட் செக்டர் என்பது கோப்பு அல்ல. ஆகவே இன்னொரு பூட் ஃப்ளாப்பியிலிருந்து கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் அது பூட் ஆகாது. ஒரு ஃப்ளாப்பியின் எல்லா செக்டரையும் நகலெடுத்து வைத்த இமேஜ் கோப்பை ஃப்ளாப்பிக்குள் காப்பி செய்தாலும் ஆகாது. அது பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைக் கவரில் போட்டு, கவரை பீரோவில் வைத்த மாதிரி. இமேஜை செக்டர் செக்டராக எழுத வேண்டும்.

எம்எஸ்-டாஸ் என்றால் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் என மூன்று கோப்பு கட்டாயம். முதல் இரண்டும் பெயர்ப் பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். 6.22 பதிப்பில் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 130 கேபிதான். ஃப்ரீடாஸ் என்றால் கர்னல்.சிஸ், கமாண்ட்.காம் இரண்டே போதும்.

எந்த டாஸ்

என் பரிந்துரை ஃப்ரீடாஸ். 1994-இல் மைக்ரோசாஃப்ட் தனி டாஸுக்கு முடிவு கட்டப்போவதாகத் தெரிந்தபோது ஜிம் ஹால் தொடங்கிய திட்டம் அது. இன்றும் உயிரோடு இருக்கிறது, இலவசம், உரிமச் சிக்கல் இல்லை. ஃப்ளாப்பி எடிஷன் என்று தனியாகவே தருகிறார்கள், 1.44 எம்பி, 1.2 எம்பி, 720 கேபி ஆகிய மூன்று அளவுக்கும் இமேஜ் உண்டு. ஆனால் அது நிறுவுவதற்கான டிஸ்க். எழுந்ததும் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கட்டுமா, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கத் தொடங்கும். தூக்கக் கலக்கத்தில் ஒரு என்டர் தட்டினால் மாமாவின் பாக்கிக் கணக்கு போயே போச்சு. அதனால் நமக்கென்று ஒன்றை நாமே தயாரிப்போம்.

எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 மூலநிரல்களை 2018-இலும் 4.00-வை 2024-இலும் மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டது. 6.22 அப்படி இல்லை. உங்களிடம் அசல் 6.22 டிஸ்க் இருந்தால் அதன் முதல் டிஸ்க்கே பூட் ஆகும்; எஃப்3 அழுத்தி வெளியேறினால் ஏ: (ஃப்ளாப்பி டிரைவ்) வந்துவிடும். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் எம்எஸ்-டாஸ் 6 வரிசைதான் வேண்டும். 90-களின் நடுவில் ஹார்ட் டிஸ்க் இடம் போதாமல் பலர் டபுள்ஸ்பேஸ், டிரைவ்ஸ்பேஸ் என்ற சுருக்க நிரல்களைப் போட்டுச் சுருக்கி வைத்தார்கள். அப்படி இருந்தால் ஃப்ரீடாஸில் எழுப்பி சி: (ஹார்ட் டிஸ்க்) பார்க்கும்போது வழக்கமான கோப்புகள் இருக்காது; "டிர் /ஏ" அடித்து மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னால் 000 என்று முடியும் ஒரு பெரிய கோப்பு தெரியும். பயந்துவிட வேண்டாம், எதுவும் அழியவில்லை. சுருக்கிய அதே எம்எஸ்-டாஸ் 6 பதிப்பின் சுருக்க டிரைவர் உள்ள பூட் டிஸ்க் போட்டால் எல்லாம் தெரியும்.

முதலில் பெட்டியைக் கவனியுங்கள்

டிஸ்க் தயாரிக்கும் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். டெல்டாவில் இதுதான் பாதி வேலை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, சுற்றிலும் வயலில் நிற்கும் தண்ணீர், சுவரெல்லாம் ஈரம்.

கேபினெட்டைத் திறந்ததும் மதர்போர்டில் பேட்டரியைத் தேடுங்கள். நாணயம் மாதிரி சிஆர்2032 செல் என்றால் கழற்றிப் புதிது போடுங்கள், வேலை முடிந்தது. 486 காலத்து போர்டுகளில் பலவற்றில் சுண்டுவிரல் அளவில் நீல நிறப் பீப்பாய் ஒன்று சால்டர் செய்திருக்கும். 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம். அது ஒழுகும். ஒழுகி, பச்சையாகப் பூத்து, பக்கத்துத் தடங்களை அரித்துவிடும். உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். ஒழுகியது காரத் தன்மை உள்ளது என்பதால் வினிகரில் நனைத்த பட்ஸால் துடைத்து, அப்புறம் ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காய வையுங்கள்.

பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸை நேராக கரண்டில் மாட்டாமல் முதல் தடவை சீரிஸ் பல்ப் வழியாகக் கொடுத்துப் பார்ப்பது என் பழக்கம். எந்த எலக்ட்ரீஷியனும் செய்து தருவார். பல்ப் முழு வெளிச்சத்தில் நிலைத்து எரிந்தால் உள்ளே ஷார்ட். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு பவர் கனெக்டரையும் கழற்றியிருந்தால், மாட்டும்போது இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும்.

அடுத்தது ஃப்ளாப்பி டிரைவ். நாலு ஸ்க்ரூ கழற்றி வெளியே எடுத்து, மேல் தகட்டை நீக்கினேன். உள்ளே தவிட்டுத் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. மேல் ஹெட்டின் ஸ்பிரிங் கையடியில் ஒரு அந்துப்பூச்சி, இறக்கை விரித்தபடி அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. ரைஸ் மில் கம்ப்யூட்டருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்!

மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். நல்ல பட்ஸை ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து, இரண்டு ஹெட்டையும் மெதுவாகத் துடையுங்கள். மேல் ஹெட்டை ஒரு பட்ஸ் நுழையும் அளவுக்கு மேல் தூக்காதீர்கள். அந்த மெல்லிய கை வளைந்தால் டிரைவ் அவ்வளவுதான். பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டவே வரக்கூடாது. ஹெட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுக்கம்பியில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஒன்றுதான்.

கேபிளில் சிவப்புக் கோடு உள்ள பக்கம் ஒன்றாம் பின். கேபிளின் நடுவில் சில இழைகள் முறுக்கி இருக்கும். முறுக்கைத் தாண்டியுள்ள கடைசி கனெக்டரில் மாட்டும் டிரைவ்தான் ஏ:. பவர் போட்டதிலிருந்து டிரைவ் விளக்கு அணையாமலே எரிந்தால் கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். கெட்டுப்போகாது, அணைத்துவிட்டுத் திருப்பி மாட்டுங்கள்.

நல்ல டிஸ்க்கைப் பொறுக்குவது

ஜப்பானில் சோனி 2011 மார்ச்சோடு ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியது. இப்போது கிடைப்பது பழைய இருப்புதான். மாமாவின் பீரோவில் பத்து டிஸ்க் கொண்ட ஒரு பெட்டி பிரிக்காத மாதிரியே இருந்தது. பிரிக்காததுதானே என்று ஒன்றை அப்படியே டிரைவில் சொருகினேன். கிரீச் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் டிஸ்க்கில் வட்டமாகக் கீறல். துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிய ஹெட்டில் வெள்ளையாகப் பசை. மறுபடி முதலிலிருந்து.

ஆகவே சொருகும் முன் பாருங்கள். உலோக மூடியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் பழுப்பு நிற டிஸ்க் தெரியும். பின்பக்கம் நடுவிலுள்ள உலோக வட்டத்தைச் சுற்றிச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல டிஸ்க் ஒரே சீராக மினுங்கும். பூசணம் பிடித்ததில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, அல்லது ஈரத் துணியில் காப்பி சிந்திய மாதிரி மங்கலான வட்டம். அந்தப் பெட்டியில் பத்துக்கு ஏழு அப்படி. பூசணம் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஒரு டிஸ்க்கின் பூசணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறும்.

எச்டி டிஸ்க்கில் இரண்டு மூலையில் ஓட்டை இருக்கும். ஒன்று எழுதுவதைத் தடுக்கும் தாழ்ப்பாள். இன்னொன்று 1.44 எம்பி என்று டிரைவுக்குச் சொல்வது. ஒரே ஓட்டை என்றால் 720 கேபி டிஸ்க்; அதில் ஓட்டை போட்டு 1.44 ஆக்கும் பழைய தந்திரம் வேண்டாம். இன்று எழுதும், நாளை படிக்காது.

டிஸ்க்கைத் தயாரிப்பது

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலை லேப்டாப்பில் போட்டு, அதற்குள் ஃப்ரீடாஸை ஒரு பொய் ஹார்ட் டிஸ்க்கில் நிறுவுங்கள். பத்து நிமிட வேலை. அதே வெர்ச்சுவல்பாக்ஸில் 1.44 எம்பி அளவில் ஒரு காலி ஃப்ளாப்பி இமேஜ் உருவாக்கி டிரைவ் ஏ-யில் சொருகுங்கள். இப்படிச் செய்வதில் ஒரு சௌகரியம்: நூறு தடவை தப்பு செய்தாலும் அசல் ஃப்ளாப்பி தேயாது, பூட் ஆகிறதா என்று அங்கேயே சோதித்தும் பார்க்கலாம்.

ஃப்ரீடாஸ் சி:-யிலிருந்து எழுந்ததும் முதலில் "ஃபார்மட் ஏ:", அது முடிந்ததும் "சிஸ் ஏ:". இரண்டாவது கட்டளைதான் பூட் செக்டரை எழுதி, கர்னலையும் கமாண்ட்.காமையும் கொண்டுபோய் வைக்கிறது. "டிர் ஏ:" அடித்து இரண்டு கோப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள், கமாண்ட்.காம் மட்டும் இல்லையென்றால் காப்பி செய்துகொள்ளுங்கள். எம்எஸ்-டாஸில் இதையே "ஃபார்மட் ஏ: /எஸ்" என்று ஒரே மூச்சில் செய்யலாம்.

கான்ஃபிக்.சிஸ் கோப்பில் நான் எழுதியது இரண்டே வரி: "ஃபைல்ஸ்=40", "பஃபர்ஸ்=20". முதல் வரி இல்லாவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி ஒரே சமயத்தில் பல கோப்பு திறக்கும் நிரல்கள் நடுவில் மூச்சு முட்டி நிற்கும். ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் "ப்ராம்ப்ட் $பி$ஜி" மட்டும். மவுஸ், சிடி டிரைவர், மெமரி மேனேஜர் என்று கண்டதையும் ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றும் இன்னொரு காரணமில்லாத தொங்கலுக்கு வழி.

கூடவே எடிட், எக்ஸ்காப்பி, செக்டிஸ்க், மெம் ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எஃப்டிஸ்க், ஃபார்மட் இரண்டையும் நான் வேண்டுமென்றே போடவில்லை. கணக்கை எடுக்கப் போகிற டிஸ்க்கில் கணக்கை அழிக்கிற கருவி எதற்கு?

வெர்ச்சுவல்பாக்ஸை அந்த இமேஜிலிருந்தே பூட் செய்து ஏ:\> வருகிறதா என்று பார்த்துவிட்டு, நிஜ ஃப்ளாப்பிக்கு வாருங்கள். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஆன்லைனிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ கிடைக்கும். 3.5 அங்குலத்துக்கு மட்டும்தான், 5.25 அங்குல டிஸ்க் என்றால் மதர்போர்டிலேயே ஃப்ளாப்பி கனெக்டர் உள்ள ஒரு பழைய பென்டியம் வேண்டும்.

விண்டோஸில் ராரைட் அல்லது வின்இமேஜ் போன்ற ஒன்றில் இமேஜைத் திறந்து ஏ:-க்கு எழுதுங்கள். லினக்ஸில் யுஎஸ்பி ஃப்ளாப்பி எஸ்டிபி, எஸ்டிசி மாதிரி ஒரு பெயரில் வரும். "எல்எஸ்பிஎல்கே" அடித்து 1.4 எம் அளவில் இருப்பது எது என்று இரண்டு தடவை பாருங்கள். அப்புறம் "டிடி ஐஎஃப்=பூட்.ஐஎம்ஜி ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி பிஎஸ்=512", தொடர்ந்து "சிங்க்". எஸ்டிபி என்ற இடத்தில் தவறுதலாக எஸ்டிஏ அடித்தால் லேப்டாப்பின் தலையெழுத்தே மாறிவிடும். எழுதி முடிந்ததும் "சிஎம்பி" கொண்டு இமேஜையும் டிஸ்க்கையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் வந்தாலும் அந்த டிஸ்க் வேண்டாம். மூன்று நல்ல டிஸ்க்கில் எனக்கு இரண்டு தேறின. இரண்டிலும் எழுதினேன்; எப்போதும் இரண்டு பிரதி வேண்டும்.

எழுதியதும் மூலைத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள். 3.5 அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. 5.25 அங்குலத்தில் இது நேர்மாறு, பக்கவெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பாதுகாப்பு. இது சும்மா சாங்கியத்துக்கு அல்ல. 90-களின் கம்ப்யூட்டர்களில் பூட் செக்டர் வைரஸ்கள் சர்வசாதாரணம். மார்ச் 6 வந்தால் டிஸ்க்கை அழிக்கும் மைக்கலாஞ்சலோ அந்த வகைதான். தாழ்ப்பாள் திறந்திருந்தால் டிரைவே எழுத மறுத்துவிடும், வைரஸ் தலைகீழாக நின்றாலும் ஒட்டாது.

பயாஸ்

பேட்டரி செத்த கம்ப்யூட்டருக்குத் தன்னிடம் என்ன மாட்டியிருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். எழுந்ததும் டெலீட் விசையைத் தட்டி உள்ளே போங்கள். தேதியைச் சரிசெய்யுங்கள். டிரைவ் ஏ: 1.44 எம், 3.5 அங்குலம். பூட் வரிசை ஏ, சி. ஹார்ட் டிஸ்க்கை ஆட்டோ டிடெக்ட் செய்யும் ஒரு மெனு இருக்கும். அது நார்மல், எல்பிஏ, லார்ஜ் என்று இரண்டு மூன்று வழி காட்டினால் 500 எம்பிக்குக் கீழான டிஸ்க்குக்கு நார்மல். சிலர் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கேபினெட் உள்பக்கமே பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். மாமாவின் பெட்டியில் அப்படித்தான் இருந்தது. தப்பான எண்ணோடு டிஸ்க்கைப் படித்தால் குப்பையாகத் தெரியும், அவ்வளவுதான். தப்பான எண்ணோடு எழுதினால்தான் ஆபத்து. சி: ஒழுங்காகத் தெரியும்வரை எதையும் எழுதாதீர்கள்.

எழுப்புவது

டிஸ்க்கைச் சொருகிப் பவர் போடுங்கள். இனி காதுதான் முக்கியம். மெமரி எண்ணி முடிந்ததும் டிரைவ் விளக்கு ஒளிரும், மோட்டார் மெல்லிசாக ஓடும், "ட்ரக்" என்று ஹெட் தொடக்கத்துக்கு வரும். பிறகு "டக், டக், டக்" என்று நிதானமான நடை. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு டிராக். நடை சீராக இருந்தால் எல்லாம் நலம். ஒரே இடத்தில் நின்று "க்ர்ர்... க்ர்ர்..." என்று முன்னும் பின்னும் உரசினால் அந்த டிராக்கைப் படிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று அர்த்தம். இரண்டாவது பிரதியைப் போடுங்கள்.

"நான்-சிஸ்டம் டிஸ்க்" என்று வந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது, டிஸ்க்கில்தான் டாஸ் கோப்பு இல்லை. "சிஸ்" சரியாக நடக்கவில்லை. "பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்ப்ரெட்டர்" என்றால் கமாண்ட்.காம் இல்லை, அல்லது வேறு டாஸிலிருந்து வந்தது. டிஸ்க் லேப்டாப்பில் நன்றாகப் படித்து 486-இல் மட்டும் படிக்க மறுத்தால், பழைய டிரைவின் ஹெட் இடம் சற்றே விலகியிருக்கும். அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். காயலான் கடையில் கிடைக்கும் வேறொரு டிரைவை மாட்டிவிடுவது சுலபம். ஃப்ளாப்பியே வேண்டாம் என்று தோன்றினால் கோட்டெக் என்றொரு பெட்டி இருக்கிறது. டிரைவ் இருந்த இடத்தில் அதே கேபிளில் மாட்டி, பென் டிரைவிலிருந்து இமேஜைக் காட்டலாம். நல்ல பொருள். ஆனால் அதிலும் பூட் ஆவது நாம் செய்த அதே இமேஜ்தான்.

எனக்கு இரண்டாவது பிரதியில் ஏ:\> வந்தது. "டிர் சி:" அடித்தேன். இரண்டு நொடி மௌனம், ஹார்ட் டிஸ்க் முனகியது, பட்டியல் ஓடியது.

கோப்பை எடுக்க, ஃபாக்ஸ்ப்ரோவின் கணக்குக் கோப்புகளான, டிபிஎஃப் என்று முடிபவை எல்லாவற்றையும் "காப்பி" கட்டளையால் வேறொரு நல்ல ஃப்ளாப்பிக்குக் கொண்டுவரலாம். ஒரு டிஸ்க்கில் அடங்காத கோப்பு இருந்தால் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே பிகேஜிப் என்ற கோப்புச் சுருக்கும் நிரல் இருக்கிறதா பாருங்கள், அந்தக் காலத்தில் அது இல்லாத கம்ப்யூட்டர் அபூர்வம். "-&" என்ற தேர்வோடு ஓட்டினால் பல ஃப்ளாப்பிகளாகப் பிரித்து எழுதும். டிபிஎஃப் கோப்பில் வெற்றிடம் நிறைய என்பதால் நன்றாகச் சுருங்கும். நடுவில் பூட் டிஸ்க்கை மறுபடி போடு என்று கேட்கலாம். போட்டு என்டர் தட்டுங்கள், அது கமாண்ட்.காமைத் தேடுகிறது. மழைக்காலத்தில் செய்வதானால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் கெடும்.

பூட் டிஸ்க் இரண்டையும் லேபிள் ஒட்டி, தேதி எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

லேப்டாப்பில் லிப்ரே ஆஃபீஸ் கால்க் டிபிஎஃப் கோப்பை நேராகவே திறக்கும். திறந்தபோது மாமாவும், மில்லில் இருபது வருடம் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளையும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். பாக்கி என்ற நெடுவரிசையை வரிசைப்படுத்தினேன். மாமாவின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, இத்தனை பேர் தரணுமா?"

கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "இதுல பாதிப் பேர் அப்பவே கொடுத்துட்டாங்க தம்பி," என்றார் என் பக்கம் திரும்பி, சன்னமாக. "நான்தான் மெஷின்ல ஏத்தல."